வண்ணம் பூசாத மயில்

எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இப்போது தொழிலில் இருப்பவர்கள் வந்து கேட்டார்கள். அவர்கள் கையில் ஒரு ரிமோட் இருந்தது. பொத்தானை அமுக்கினால் பதினாறு நிறம் மாறுகிறது. "அந்தக் காலத்துல நீங்கல்லாம் எப்படிங்க கலர் மாத்துனீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி மாற்றினோம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வயசாகிவிட்டது, அளக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அந்த ரோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. நாலைந்து வருஷம் நாற்றுக்கட்டு சுமந்தேன். எழுபதுகளின் நடுவில் பெரம்பலூரில் காதர் பாயின் லைட் செட் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் ஜெனரேட்டர் தூக்குவது, ஒயர் சுற்றுவது, மூங்கில் ஏறுவது, சீரியல் செட்டில் எந்த பல்பு செத்துப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பது. ஷாக் அடித்த கதைகளை மட்டும் எழுதினாலே மலரில் இடம் பத்தாது.

காதர் பாய் மெலிந்த மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அந்தக் கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார். மடித்துப் பையில் வைத்துவிட்டார் என்றால் அன்றைக்கு இனி நம்மிடம் பேச மாட்டார் என்று அர்த்தம். திட்டிவிட்டுப் போகிற முதலாளியிடம் வேலை பார்ப்பது சுலபம். இவரிடம் கஷ்டம்.

அவர் எந்தக் கல்லூரியிலும் வெளிச்சத்தைப் பற்றிப் படித்தவர் இல்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். ஒருநாள் கடையின் வெள்ளைச் சுவரில் இரண்டு ஃபோகஸ் லைட்டை அடித்தார். ஒன்றின் முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள், இன்னொன்றின் முன்னால் பச்சை. இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தில் என்ன நிறம் வரும் என்று என்னிடம் கேட்டார். நான் மாட்டுக்கொம்புக்கு வர்ணம் அடித்த அனுபவத்தில், சேறு மாதிரி ஒரு நிறம் வரும் என்றேன். சுவரைப் பார்த்தால் பொங்கல் வைத்த வீட்டு வாசல் போல நல்ல மஞ்சள். 

"பெயிண்டுல சேர்ந்தா அழுக்காவும் தம்பி. வெளிச்சத்துல சேர்ந்தா தெளியும்" என்றார் பாய். பிறகு நீலத்தையும் கொண்டுவந்து அதன் மேலேயே விட்டார். மூன்றும் சேர்ந்த இடம் வெள்ளையாகிவிட்டது. நான் அந்த வெள்ளைக்குள் கையை நீட்டினேன். சுவரில் என் கைக்கு மூன்று நிழல் விழுந்தது. ஒன்று மஞ்சள், ஒன்று ஆகாய நீலம், ஒன்று ரோஜா நிறம். நிழல் என்றால் கறுப்பு என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். அன்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்தச் சுவர் முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

அந்தச் சுவரிலிருந்துதான் எங்கள் மயில் பிறந்தது. அந்தக் காலத்தில் திருவிழாவுக்கு பல்பு கட்டிய போர்டு வைப்பதுதான் வழக்கம். பலகையில் உருவம் வரைந்து, கோட்டின் மேல் சின்ன பல்புகளைக் கட்டி, அணைத்து அணைத்து எரியவிடுவார்கள். பாய் வேறு மாதிரி நினைத்தார். பல்பே இல்லாத, வண்ணமே இல்லாத ஒரு மயில். இரும்புக் கம்பியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கூடு கட்டினோம். பழைய பால்பவுடர் டின்களையும் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் வெட்டி இறகு செய்தோம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு இறகுகள். வெட்டியவன் நான் என்பதால் எண்ணிக்கை மறக்கவில்லை. வெள்ளை பெயிண்ட் அடித்துப் பார்த்தோம், பளபளத்தது, வெளிச்சம் அதில் வழுக்கிப் போனது. அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? சுண்ணாம்பில் பசை கலந்து பூசினோம். ஒவ்வொரு இறகையும் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டோம். லேசான காற்றுக்கே அவை திரும்பும்.

பகலில் பார்த்தால் அது ஒரு வெளுத்த பறவை, அவ்வளவுதான். சாயங்காலம் மூன்று பக்கமிருந்தும் மூன்று விளக்கை விட்டால் அது உயிரோடு எழுந்து நிற்கும். சிவப்பு விளக்கைப் பார்த்துத் திரும்பின இறகு சிவக்கும், பாதி திரும்பினால் மஞ்சளாகும், இன்னும் திரும்பினால் பச்சையாகும். நெஞ்சில் மூன்றும் சேர்ந்து பால் வெள்ளையாக இருக்கும். காற்று வந்தால் நிறங்கள் வாலில் ஓடும், காற்று நின்றால் நிற்கும். நான் நூறு தடவைக்கு மேல் அதைப் பூட்டிக் கழற்றியவன். ஒரு தடவை இருந்த மாதிரி மறு தடவை இருந்ததில்லை. அதன் முன்னால் நிற்கும்போது இது நான் வெட்டிய தகரம் என்பதே எனக்கு மறந்துபோகும்.

இப்போது ஊறுகாய் ஜாடிக்கு வருகிறேன். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் எங்களிடம் இருந்தது அதுதான். பெரிய பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர். அடியில் ஒரு செப்புத் தகடு, மேலே இன்னொரு தகடு நூல் கயிற்றில் தொங்கும். மின்சாரம் ஒரு தகட்டிலிருந்து தண்ணீர் வழியாக மற்றதற்குப் போகும். மேல் தகட்டை இறக்க இறக்க விளக்கு பிரகாசமாகும், தூக்கினால் மங்கும். உப்பு கூடினால் தண்ணீர் கொதித்துப் பொங்கும், குறைந்தால் விளக்கு கண் விழிக்காது. மூன்று விளக்குக்கு மூன்று ஜாடி. பலகை போட்டு, ரப்பர் செருப்போடு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டினால் ஆள் மிஞ்ச மாட்டான்.

பாய் மயிலுக்கு முன்னால் நின்று கைக்குட்டையை விரித்துப் பிடிப்பார். அது வெள்ளையாகத் தெரியும்வரை நான் கயிறுகளை ஏற்றி இறக்க வேண்டும். "செவப்பு தூக்கலா இருக்கு. ஒரு விரக்கடை தூக்கு. நீலத்த எறக்கு. இன்னும்." கைக்குட்டை வெள்ளையானதும் தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கை, மனுஷன் கையாகத் தெரிந்தால்தான் ஜனங்களை விடுவார். இதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சிவப்பு விளக்கைத்தான் முதலில் எரியவிட வேண்டும், கடைசியில்தான் அணைக்க வேண்டும். ஆள் முகம் இருக்கிற இடத்தில் பச்சை தனியாக விழக் கூடாது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சட்டம் ஒரு கிறுக்குத்தனமாகவே பட்டது.

மயிலை முதன்முதலில் வைத்தது ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவில். ஜனங்கள் மயிலைப் பார்த்ததைவிடத் தங்கள் நிழலைப் பார்த்ததுதான் அதிகம். மீசை வைத்த பெரிய மனுஷர்கள் எல்லாம் துண்டை வீசி வீசி, தரையில் மூன்று நிறத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டிமாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அதற்கும் மூன்று நிழல் விழுகிறதா என்று பார்த்தார் ஒருவர். விழுந்தது. மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. அங்கே இதைப் பார்த்த ஒரு பெண், தன் கல்யாணத்துக்கு இந்த மயில்தான் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எங்களுக்கு தா.பழூர் வேலை வந்தது.

பெண்ணின் அப்பா கலியபெருமாள் நல்ல விவசாயி. பெண் பெயர் வசந்தா, ஜெயங்கொண்டத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள். வீட்டு முன்னால் பந்தல். முதல் நாள் சாயங்காலம் பரிசம் போடுவது, மறுநாள் காலை தாலி. மாப்பிள்ளை வீட்டுப் புடவையைப் பெண் கட்டிக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சு நோவில் படுத்த படுக்கையாக இருந்தார். அவர் கண் மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு அவசரம் என்று சமையல்காரர் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா கணவரை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. கை நிறையச் சிவப்புக் கண்ணாடி வளையல், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

மேடைக்குப் பக்கத்தில் மயிலைப் பூட்டினோம். பொழுது சாய்ந்தது. பாய் மக்ரிப் தொழுகைக்காக வாய்க்கால் கரைக்குப் போனார். தான் வரும்வரை மயிலைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கலியபெருமாள் என்னிடம் வந்து, பொண்ணு வெளியே வர நேரம், மயிலை எரியவிடுப்பா என்று கெஞ்சினார். எனக்கும் ஆசைதான். பாய் இல்லாமல் நானே ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசை.

ஜாடிப் பலகையில் ஏறி நின்றேன். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. மயில் என்றால் பச்சையும் நீலமும்தானே? அதற்கு எதற்குச் சிவப்பு? சிவப்புக் கயிற்றைத் தொடாமல் விட்டேன். பச்சையை முழுசாக இறக்கினேன், நீலத்தையும் இறக்கினேன். அசல் மயில் வந்து நின்றது. பந்தல் முழுக்க ஆ என்று ஒரு சத்தம். பாய் இத்தனை நாள் இதைக் கெடுத்துவைத்திருந்தார் என்றுகூட நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் தரையில் இல்லை.

பிறகு பெண் மேடைக்கு வந்தாள். நீல விளக்கு மயிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதன் வெளிச்சம் மேடைக்கு எட்டவில்லை. பச்சை விளக்கு இந்தப் பக்கம். அதன் வெளிச்சம் முழுவதும் அவள் மேல் விழுந்தது. பந்தல் பல்பின் மங்கல் வெளிச்சம் அதன் முன்னால் எடுபடவில்லை. அரக்குச் சிவப்புப் பட்டு கன்னங்கரேலென்று ஆனது. மாலையில் இருந்த ரோஜாக்கள் கருகினது போல ஆயின. சிவப்புப் பொருள் சிவப்பைத்தான் திருப்பித் தரும். மேலே விழும் வெளிச்சத்தில் சிவப்பே இல்லையென்றால் அது எதைத் தரும்? இதை இன்று சொல்கிறேன். அன்று எனக்கு இது தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "நாங்க எடுத்துக் குடுத்த அரக்குப் பொடவ எங்க? கருப்பக் கட்டியா பொண்ணக் கூட்டியாறீங்க?"

நான் இரண்டு கயிற்றையும் இழுத்து விளக்கை அணைத்தேன். பந்தலின் சாதா பல்பு வெளிச்சத்தில் புடவை மறுபடி அரக்கானது. பெண் வீட்டார் பாருங்கள் பாருங்கள் என்று முந்தானையைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த அம்மா பார்த்தார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. தாலி ஏறுவதற்கு முன்னாலேயே கறுப்பில் பார்த்தாகிவிட்டது, வீட்டுக்காரர் அங்கே கிடக்கிற கிடையில் இது என்ன சகுனம் என்று கேட்டார். அது கோபமில்லை, பயம் என்று எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் என் பக்கம் திரும்பி, லைட்டு போட்டவன் எவன், எந்தத் தெரு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் வேறொரு வம்பும் சேர்ந்துகொள்ளும்.

"கடை என்னுதுங்க. போட்ட கையும் என்னுதுன்னே வச்சுக்குங்க" என்ற குரல் கேட்டது. பாய் வந்துவிட்டார். என்னிடம் வந்து சிவப்பை ஏன் விட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். மயிலுக்குச் சிவப்பு எதற்கு என்று நினைத்ததைச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு அந்த அம்மாவின் முன்னால் போய்க் கை கட்டி நின்று, வெளிச்சம் செய்த கோளாறு, தப்பு எங்களுடையது என்றார்.

"தப்பு ஒங்களுது பாய், ஒத்துக்கிட்டீங்க. சகுனம் எங்களுதுல்ல?" என்றார் அந்த அம்மா.  மாப்பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணின் கல்யாணம் என் கைப்பிடியில் இருந்த ஒரு கயிற்றால் நின்றுபோகப் போகிறது. செத்துவிடலாம் போல இருந்தது, மிகையாகச் சொல்லவில்லை.

அப்போது வசந்தா வாயைத் திறந்தாள். கல்யாணப் பெண் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. "அண்ணே, அந்தப் பச்சையத் திரும்பப் போடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் பாயைப் பார்த்தேன். ஒரு நாளும் பச்சையைத் தனியாக விடாத மனிதர், அன்று தலையசைத்தார். போட்டேன். அவள் மறுபடி கறுப்பில் நின்றாள்.

"அத்த, கிட்ட வந்து நீங்களே பாருங்க. பார்த்துட்டும் வேணாம்னா நான் உள்ள போயிடுறேன்" என்றாள்.

அந்த அம்மா விறுவிறுவென்று மேடையேறி வெளிச்சத்துக்குள் வந்தார். வந்ததும் அவர் நெற்றிப் பொட்டு கறுத்துப்போனது. பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது, நெற்றிக் குங்குமம் இப்படி. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா அங்கேயே விழுந்திருப்பார். அவருக்குத் தன் நெற்றி தெரியாது. ஆனால் புடவையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார், வளையல் தெரிந்தது. இரண்டு கை வளையலும் கறுப்பு. கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக நெற்றிக்குப் போகப் பார்த்தது.

வசந்தா முன்பே பார்த்துவிட்டாள். உங்கள் பொட்டும்தான் கறுத்திருக்கிறது, அது என்ன சகுனம் என்று அவள் ஒரே கேள்வியில் ஜெயித்திருக்கலாம். அவள் கேட்கவில்லை. ஓரடி நகர்ந்து விளக்குக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நின்றாள். அவள் நிழல் அவர் முகத்தின் மேலும் கையின் மேலும் விழுந்தது. பச்சை மறைந்த அந்த இடத்தில் பந்தல் பல்பின் வெளிச்சம் மட்டும் இருந்தது. நிழலுக்குள் பொட்டு சிவந்தது, வளையல் சிவந்தது.

"நெழல்ல பாருங்க அத்த. செவப்பாத்தான் இருக்கு."

அந்த அம்மா வளையல் கையை நிழலுக்கு வெளியே நீட்டினார், கறுத்தது. உள்ளே இழுத்தார், சிவந்தது. மூன்று நாலு தரம் அப்படிச் செய்தார்.  பக்கத்தில் மயில் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் ஜாடித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில், அணைத்துவிடுங்கள் என்று எங்கள் பக்கம் கை காட்டினார். அணைத்தேன். பெண்ணின் தலையில் சரிந்திருந்த பூவை எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, "பரிசத் தட்ட எடுத்தாங்க, நேரமாவுதுல்ல" என்றார். துண்டை உதறியவர்கள் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை தாலி ஏறியது. பாய் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கைக்குட்டை மடிப்பு இந்தத் தடவை மறுநாளைக்கும் நீண்டுவிட்டது. சாப்பாடு முடிந்து, நான் மயிலின் இறகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தனியாக என்னிடம் வந்தார். எழுந்து நின்றேன்.

"நேத்து நான் அந்த வெளிச்சத்துல நின்னப்ப, என் நெத்தி எப்படிப்பா இருந்துச்சு?"

நான் பாய் இருக்கும் பக்கம் பார்த்தேன். அவர் லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த இறகைச் சாக்கில் வைத்தேன். "செவப்பாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.



"அவகிட்டயும் கேட்டேன். அவளும் இதையேதான் சொன்னா" என்றார். பிறகு முந்தானையை எடுத்து, நெற்றியில் படாமல் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, மருமகள் ஏறப்போகும் வண்டியில் இடம் பார்க்கப் போனார்.